கடைசியில் காய்வது

பர்கூர் தாண்டி ஜெகதேவி போகிற வழியில்
எங்கள் பட்டறை.
கல்லறைக்கு வைக்கிற கல் அறுக்கிறோம்.
என் வேலை தண்ணீர் ஊற்றுவது.
மெருகேறிய கல்லில் ஒரு மக் ஊற்றிவிட்டு
காயும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.
மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும்
ஒரு கோடு மட்டும் ஈரமாய்க் கிடந்தால்
அதுதான் விரிசல்.
சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு
அடுத்த கல்லுக்குப் போவேன்.

எந்த நாட்டுக்காரன் எப்படி என்று
சூப்பர்வைசர் திம்மராயனுக்கு மனப்பாடம்.
ஜப்பான்காரன் மயிரிழைக்கே திருப்பி அனுப்புவான்.
ஜெர்மன்காரன் அளவுகோலோடு பிறந்தவன்.
இத்தாலிக்காரன் கல்லைத் தடவித் தடவி
உச்சுக் கொட்டுவான், பணம் மட்டும் அடுத்த மாசம்.
போலந்துக்காரன் சிரிக்கவே மாட்டான்;
புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே கல் கேட்பான்,
ஒரு பக்கம் பேர் வெட்டி, மறுபக்கம் காலியாய்.
"அந்தம்மா தெனம் வந்து
தன் எடத்தைப் பாத்துட்டுப் போவணும் போல"
என்பான் கௌஸ் பாஷா, மெஷினை நிறுத்திவிட்டு.

திம்மராயன் இதுவரை பார்த்த வெளியூர் பெங்களூர்.

எங்களுக்குள் மட்டும் குறைச்சலா?
குப்பத்துக்காரன் மிளகாயைப் போலப் பேசுவான் என்போம்.
குப்பம் இங்கிருந்து ஒரு பஸ் டிக்கெட் தூரம்.
ஒடிசாப் பையன்களுக்குச் சோற்றைக் குவித்தால் போதும் என்போம்.
அவர்கள் தங்களுக்குள் எங்களைப் பற்றி
ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள்,
கேட்டால் 'ஒன்றுமில்லை அக்கா'.

நான் பிறந்தது பென்னாகரம் பக்கம்.
ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பல்,
பழுப்புக் கோடுகள், தேய்த்தாலும் போகாது.
சென்னையில் ஒரு கல்யாணத்தில்
வாய் திறந்து சிரித்த மறுநொடி
'தருமபுரியா?' என்று கேட்டாள் ஒருத்தி.
பேர் கேட்கவில்லை.
அன்றிலிருந்து உதட்டுக்குள்ளேயே சிரித்துக்கொள்வேன்.

போன தை மாசம் போலந்திலிருந்து ஆள் வந்தான்.
நெட்டை, பேர் மாரெக்.
திம்மராயன் சொன்னபடியே முகம் கருங்கல்.
ஒவ்வொரு கல்லருகிலும் நின்றான்,
நானும் நின்றேன்.
கூட வந்த ஏஜெண்டிடம் எதையோ கேட்டான்.
"இந்தப் பொம்பளைங்க ஏன் சிரிக்கவே மாட்டேங்கிறாங்கன்னு
கேக்கறாரு. சாமி கட்டுப்பாடான்னு."
திம்மராயன் இடுப்பை வளைத்து
"இண்டியன் கல்ச்சர் சார்" என்றார்.
நான் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

கடைசிக் கல், ஜோடிக் கல்.
தண்ணீர் ஊற்றினேன்.
ஓரங்கள் முதலில் காய்ந்தன, பிறகு நடு.
காலியாய் விட்ட பக்கத்தில்
நூல் மாதிரி ஒரு ஈரம்.
அவன் பார்த்துவிட்டான், தெரியும்.
நான் பார்த்ததும் அவனுக்குத் தெரியும்.
ஆனாலும் வாய் திறக்கவில்லை,
கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.
இந்தியர்கள் எதையும் 'சரி சரி' என்று தள்ளிவிடுவார்கள் என்று
அவன் ஊர் திம்மராயன் ஒருவர்
சொல்லி அனுப்பியிருப்பார்.
எங்கள் திம்மராயன் அவன் முதுகுக்குப் பின்னால்
கண்ணாலேயே கெஞ்சினார்:
முனிரத்னா, வேணாம்.

இன்னும் ஒரு நிமிஷம் போனால் அதுவும் காய்ந்துவிடும்.

குனிந்து வட்டம் போட்டேன்.
யாருக்காகவும் இல்லை. அந்தப் பக்கத்துக்கு
இனிமேல்தான் ஒருத்தி வர வேண்டும்.

அப்போதுதான் அவன் சிரித்தான்,
பெரிதாக, கருங்கல்லெல்லாம் போய்.
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.
ஓட்டையைச் சட்டென்று கையால் மறைத்துக்கொண்டான்,
நான் மறைப்பதைப் போலவே.
நானும் வாயைத் திறந்திருப்பேன்,
அதற்குள் சாப்பாட்டுச் சங்கு ஊதிவிட்டது.

திம்மராயன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
இப்போது புதுசாய் ஒன்று சேர்த்திருக்கிறார்:
"போலந்துக்காரனா? பல்லு இருக்காது,
ஆனா நல்லா சிரிப்பான்."